கண்ணைத் துளைக்காமல் கண் அழுத்தம் அளப்பது: பரிசோதனை அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றின் அழுத்தப் பரிசோதனை அறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டபின் காத்திருக்கும் அரை நிமிடத்தில்தான் பெரும்பாலானோர் தங்கள் ஐயங்களைக் கேட்கிறார்கள். வெளியே வரிசை நிற்பதால் ஒரு வாக்கியத்துக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். அழுத்த எண்கள் எல்லாம் மி.மீ. பாதரச அளவில் உள்ளவை.

கண்ணுக்குள்ள பிரஷர்னா என்ன சார்? எனக்கு பி.பி. நார்மலாத்தானே இருக்கு?

இரண்டும் வெவ்வேறு அழுத்தங்கள். கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு நீர் பகலில் நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர் வீதமும், இரவுத் தூக்கத்தில் அதைவிடக் குறைவாகவும் சுரந்துகொண்டிருக்கிறது. அழும்போது வரும் கண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் கோணத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் இருக்கிறது. சுரந்த நீரில் பெரும்பகுதி அதன் வழியாகவே வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிகாலும் ஒத்துப்போகும்வரை கண் தன் உருண்டை வடிவத்தில் நிற்கும். வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பு சிறிது சிறிதாக நசியத் தொடங்கும். அதைத்தான் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா என்கிறோம்.

இரத்த அழுத்தம் 120/80 உள்ளவருக்குக் கண்ணில் 30 இருப்பதையும், பல ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் கண்ணில் 13 இருப்பதையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். ஒன்றை அளந்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

தம்பி, ஊசி கீசி குத்துவீங்களா? குத்தாம உள்ள இருக்கிற அழுத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

குத்துவதில்லை. உள்ளழுத்தத்தை நேரடியாக அளக்க வேண்டுமானால் நுண்ணிய ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி அழுத்தமானியோடு இணைக்க வேண்டும். ஆய்வுக்காக அப்படிச் செய்ததுண்டு, வழக்கமான பரிசோதனையில் யாரும் செய்ய மாட்டார்கள். அதற்குப் பதிலாக, கருவிழியின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தை வெளியிலிருந்து மெல்ல அழுத்தி, அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று பார்க்கிறோம். சைக்கிள் டயரில் காற்று போதுமா என்று பெருவிரலால் அமுக்கிப் பார்க்கிறோமே, அதே வழிதான். (அந்தப் படலத்தையே கருவிழி என்று சொல்வது கண் மருத்துவமனை வழக்கம். கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.)

19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் மூடிய இமையின்மேல் விரல்களை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். 1884இல் கார்ல் கோலர் கொக்கேன் கரைசலால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டிய பிறகு, கருவிழியைத் தொட்டு அளக்கும் வழி திறந்தது. 1905இல் நார்வேயின் யால்மர் ஷியோட்ஸ் அமைத்த கருவி உலகெங்கும் பரவியது. நோயாளியைப் படுக்கவைத்து, கருவிழியின்மேல் ஒரு சிறு தண்டை நிறுத்தி, அது எவ்வளவு அமிழ்கிறது என்பதை முள் காட்டும். வயதில் மூத்த வாசகர்கள் சிலருக்கு அந்தக் கருவி நினைவிருக்கலாம்.

மஞ்சளா ஒரு மருந்து விட்டு, நீல வெளிச்சத்துல கண்ணைத் தொட்டாங்க. அந்த மஞ்சள் எதுக்கு?

நீல வெளிச்சத்தில் கண்ணைத் தொடும் அந்தக் கருவியை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் உருவாக்கினார். இன்றும் மற்ற கருவிகளின் அளவை இதனோடு ஒப்பிட்டே சரிபார்க்கிறார்கள். கருவிழியின் ஒரு சிறு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே இதன் கேள்வி. மெல்லிய, உலர்ந்த ஒரு பந்தின் சுவராக இருந்தால் விசையைப் பரப்பால் வகுத்தவுடன் அழுத்தம் வந்துவிடும். கருவிழி அப்படிப்பட்டதன்று. அதற்கென்று ஒரு விறைப்பு உண்டு. அது முனையை வெளியே தள்ளும். அதன்மேல் கண்ணீர்ப் படலம் உண்டு. அது முனையை உள்ளே இழுக்கும். தட்டையாகும் வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீட்டராக இருக்கும்போது இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன என்பதை கோல்ட்மன் கண்டார். அந்த விட்டத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது: ஒரு கிராம் எடையின் விசை சரியாக 10 மி.மீ. பாதரசத்துக்குச் சமமாகிறது. எத்தனை புதிய கருவிகள் வந்தாலும் அந்த 3.06ஐ நினைக்கும்போது எனக்கு வியப்புக் குறைவதில்லை.

மஞ்சள் மருந்தின் பெயர் ஃப்ளோரசீன். அது கண்ணீரில் கலந்து நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். முனை தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தோன்ற, முனைக்குள் இருக்கும் பட்டகம் அதை இரண்டு அரைவட்டங்களாகப் பிரித்து எங்களுக்குக் காட்டும். திருகைத் திருப்பி, இரண்டின் உள்விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிறுத்தி, அங்குள்ள எண்ணைப் பத்தால் பெருக்குகிறோம். கண்ணீர் மிகுந்து வளையம் தடித்திருந்தால் அளவு கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் வரும். அளப்பதற்கு முன் பஞ்சால் உங்கள் கண்ணோரத்தை ஒற்றுவது இதற்காகத்தான்.

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு வர வேண்டும், மஞ்சள் நிறம் அதில் ஊறிவிடும். மரப்பு கால் மணி நேரம், இருபது நிமிடம் நீடிக்கும். அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. கருவிழியில் கீறல் விழுந்தாலும் அப்போது வலி தெரியாது.

கண்ணாடிக் கடையில காத்து அடிச்சுப் பார்த்தாங்க, 23னு வந்துச்சு. இங்க 18ங்கிறீங்க. எது பொய்?

இரண்டும் பொய்யில்லை. காற்றுக் கருவியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெர்னார்டு குரோல்மன் வடிவமைத்தார். ஒரு காற்றுத்துடிப்பு கருவிழியைத் தட்டையாக்கும் கணத்தை ஒளிக்கற்றை கண்டுபிடிக்க, அதிலிருந்து அழுத்தம் கணக்கிடப்படுகிறது. எதுவும் கண்ணைத் தொடுவதில்லை, சொட்டு மருந்தும் வேண்டாம். ஆனால் எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுகிறது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் கண் அழுத்தம் இரண்டு மூன்று அளவு ஏறி இறங்குவதால், அந்தக் காற்று துடிப்பின் உச்சியில் பட்டதா, அடியில் பட்டதா என்பதைப் பொறுத்து எண் மாறும். முதல் காற்றுக்குப் பயந்து கண்ணை இறுக்கினாலும் எண் கூடும். எனவே ஒரு கண்ணுக்கு மூன்று முறையாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

பலரை விரைவாகச் சலித்துப் பார்க்கக் காற்றுக் கருவி நல்லது. அதில் கூடுதலாக வந்தால் மருந்தை ஆரம்பிக்கக் கூடாது. மேலே சொன்ன நீல ஒளிக் கருவியில் மறுபடி அளக்க வேண்டும். நீங்கள் இங்கே வந்ததும் அதற்குத்தான்.

சொட்டு மருந்தே விடாம, கையில பிடிக்கிற ஒரு கருவியால டக் டக்னு தட்டுனாங்களே, அது சரியா காட்டுமா?

அது துள்ளல் முறைக் கருவி. பின்லாந்தில் உருவான ஐகேர் அவற்றில் பெயர் பெற்றது. மெல்லிய கம்பி ஒன்று, அதன் நுனியில் சிறு பிளாஸ்டிக் குமிழ். காந்தச் சுருள் அதைக் கருவிழியை நோக்கி எறிய, அது பட்டுத் திரும்பி வரும். அழுத்தம் அதிகமான கண்ணில் அது விரைவாக வேகம் இழந்து திரும்பும். ஆறு முறை தட்டி, சராசரியைக் கருவியே காட்டும். தொடும் நேரம் மிகக் குறைவாகையால் மரப்பு மருந்து தேவைப்படுவதில்லை. கம்பியை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிடலாம்.

நீல ஒளிக் கருவிக்கு முன் மோவாயை வைத்து உட்கார முடியாத முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இது பெரிய உதவி. வழக்கமான அளவுகளில் இரண்டு கருவிகளும் நெருங்கியே வருகின்றன. ஒருவரைத் தொடர்ந்து கவனிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே வகைக் கருவியால் அளப்பது நல்லது.

அந்த முனையை எத்தனை பேர் கண்ணுல வெச்சிருப்பீங்க? எனக்கு ஏதும் ஒட்டிக்காதா?

நியாயமான கேள்வி, தயங்காமல் கேளுங்கள். ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லப்படும் கண்வலியைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ வைரஸ், சரியாகச் சுத்தம் செய்யாத முனைகள் வழியாகப் பரவக்கூடியது. முனையை மருந்துநீரில் ஊறவைத்து, கழுவி, முழுவதும் உலர்த்திய பிறகே அடுத்தவருக்குப் பயன்படுத்த வேண்டும். ஒரே முறை பயன்படும் முனைகளும் உண்டு. உங்கள் கண் சிவந்தோ பீளை கட்டியோ இருந்தால் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு இருந்தா நார்மல்? எனக்கு 22. மருந்து ஆரம்பிச்சுடணுமா?

10 முதல் 21 வரை இயல்பு என்று அறிக்கைகளில் அச்சிட்டிருக்கும். 21 என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கவலை பாதியாகும். 1958இல் லைடெக்கர் முதலிய ஜெர்மானிய மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான நலமான கண்களை அளந்தார்கள். சராசரி 15, 16 அளவில் வந்தது. பெரும்பாலானோர் அடங்கிய வட்டத்தின் மேல் விளிம்பு 21 அருகில் விழுந்தது. அது கணக்கில் கிடைத்த கோடு. 20இல் இருக்கும் நரம்புக்கு ஆபத்தில்லை, 22இல் வந்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆகவே 22 என்றதும் மருத்துவர் பார்வை நரம்பைப் பார்ப்பார், பக்கப் பார்வைச் சோதனை எழுதுவார், வடிகால் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார், கருவிழியின் தடிமனை அளக்கச் சொல்வார். எல்லாம் நன்றாக இருந்தால் சில மாதங்கள் கழித்து மறுபடி வரச் சொல்வதே பலருக்குப் போதும்.

கருவிழித் தடிமன் பார்க்க தனியா காசு கேட்டாங்க. அது அவசியமா, இல்ல பில் ஏத்துறாங்களா?

ஒருமுறை பார்ப்பது அவசியம் என்பதே என் கருத்து. கோல்ட்மன் தன் கணக்கை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரானை ஒட்டிய தடிமனுள்ள கருவிழியை மனத்தில் வைத்துச் செய்தார். தடித்த கருவிழியைத் தட்டையாக்கக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் அளவு உண்மையைவிட உயர்ந்து தெரியும். மெலிந்ததில் தாழ்ந்து தெரியும். சரிசெய்யப் பல சூத்திரங்கள் புழங்குகின்றன, தனி ஒருவரின் எண்ணைத் திருத்தும் அளவுக்கு எதுவும் நம்பகமில்லை. 600 மைக்ரான் என்றால் 22ஐப் பார்த்துப் பதற வேண்டாம், 470 என்றால் 19ஐப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம் என்ற அளவில் அதை வைத்துக்கொள்வதே முறை.

அமெரிக்காவில் அழுத்தம் மட்டும் உயர்ந்து நரம்பு நலமாக இருந்த 1,600க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. மருந்து இல்லாதோரில் ஐந்து ஆண்டுகளில் 9.5 சதவீதத்தினருக்கும், மருந்து போட்டோரில் 4.4 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியவற்றில் வலுவான ஒன்று கருவிழித் தடிமன். 555 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். தென்னிந்தியரிடம் நடந்த ஆய்வுகளில் சராசரித் தடிமன் அதைவிடக் குறைவாக, 500ஐச் சற்றே தாண்டித்தான் இருக்கிறது. நம்மவர்களுக்கு இந்தச் சோதனையை நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். தடிமன் ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை. ஒருமுறை எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

லேசிக் பண்ணியிருக்கேன். அதைச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணாடி தேவைப்படாமல் இருக்கச் செய்யும் லேசிக் அறுவையில் கருவிழியின் ஒரு பகுதி செதுக்கி எடுக்கப்படுவதால், முந்தைய பதிலில் சொன்னபடி அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். கண்ணாடி இல்லாமல் வருபவரைப் பார்த்து எங்களால் அதை ஊகிக்க முடியாது. அறுவைக்கு முன் எடுத்த அழுத்தமும் தடிமனும் எழுதிய தாள் இருந்தால் கொண்டுவாருங்கள்.

காலையில 24, சாயங்காலம் 17. மெஷின் சரியில்லையா?

கருவி சரியாகவே இருக்கலாம். நலமான கண்ணிலும் ஒரு நாளுக்குள் அழுத்தம் 2 முதல் 6 வரை ஏறி இறங்கும். நோயுள்ள கண்ணில் அது 10ஐத் தாண்டுவதும் உண்டு. பலருக்கு விடியற்காலையில் உச்சம். படுத்திருக்கும்போது உட்கார்ந்திருப்பதைவிடக் கூடும். புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் சில மணி நேரத்தில் நாங்கள் காண்பது அந்த நாளின் ஒரு துண்டு மட்டுமே. நரம்பு மோசமாகிக்கொண்டே போக, அளவு மட்டும் ஒழுங்காக இருப்பவரை வெவ்வேறு நேரங்களில் வரச்சொல்லி அளப்பது இதனால்தான். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் மணியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மணி இல்லாத எண்ணுக்குப் பாதி மதிப்புதான்.

அளக்கிறதுக்கு முன்னாடி நான் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

சட்டையின் கழுத்துப் பித்தானைத் தளர்த்திக்கொள்ளுங்கள். கழுத்து இறுகினால் கண்ணிலிருந்து இரத்தம் திரும்புவது தடைபட்டு அழுத்தம் கூடும். மூச்சை அடக்காதீர்கள். உடல் பருமனானவர் எட்டி மோவாயை வைக்கச் சிரமப்பட்டாலே மூச்சு அடங்கிவிடும், நாற்காலியை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். இமையை இறுக்கினால் அளவு பத்துக்கு மேலும் எகிறும். சற்றுமுன் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்திருந்தாலும் சிறிது ஏறும்.

தினமும் சிரசாசனம் செய்றேன். கண்ணுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

சென்னையில் யோகப் பயிற்சியாளர்களிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது. இறங்கியதும் குறைந்துவிடுகிறது. நலமான நரம்பு இந்தச் சிறிது நேரத்தைத் தாங்கும். ஏற்கெனவே கிளாக்கோமா உள்ளவர்கள் சிரசாசனத்தை விட்டுவிட்டு மற்ற ஆசனங்களைச் செய்யலாம்.

எனக்கு பிரஷர் 14தான். ஆனா கிளாக்கோமாங்கிறாங்க. எப்படி சார்?

21 என்ற கோட்டின் கதையைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். சிலரது நரம்பு 14ஐக்கூடத் தாங்குவதில்லை. ஜப்பானின் தஜிமி நகரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோண வகை நோய் (வடிகால் கோணம் மூடாமல் இருக்கும்போதே வருவது) இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. அவர்களிடம் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு அனுப்பியிருந்தால் பத்தில் ஒன்பது பேரைத் தவறவிட்டிருப்பார்கள்.

நம் ஊரிலும் நிலைமை கவலைக்குரியது. மதுரை அரவிந்த் மருத்துவமனை கிராமப்புறங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாற்பதைத் தாண்டியவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தது. திறந்த கோண வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதை அன்றுவரை அறிந்திருக்கவில்லை. முகாமில் அழுத்தம் மட்டும் பார்த்து “நார்மல்” என்று சீட்டுக் கொடுத்தால், பார்வை நரம்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

பையனுக்குக் கண் அரிப்பு. மருந்துக் கடையில ஒரு சொட்டு கொடுத்தாங்க, நல்லா கேக்குது. அதுக்கு ஏன் பிரஷர் பாக்குறீங்க?

உடனே அரிப்பு அடங்கும் சொட்டுகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். அவற்றைச் சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் சிலருக்கு வடிகால் இறுகி அழுத்தம் ஏறும். வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது. வெயில் காலத்தில் வரும் ஒவ்வாமைக்காகப் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே பக்கப் பார்வையை இழந்து வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அந்தப் பார்வை திரும்பாது. சொட்டின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். இமையைச் சுற்றித் தடவும் களிம்புக்கும் இது பொருந்தும்.

கைக்குழந்தைக்கு எப்படி அளப்பீங்க?

தூங்கும்போதோ பால் குடிக்கும்போதோ துள்ளல் முறைக் கருவியால் பல நேரங்களில் முடிந்துவிடும். அழும் குழந்தையிடம் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. முடியாதபோது மயக்க மருந்து கொடுத்து அளக்கிறோம். மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கருவிழி பெரிதாக, மங்கலாக இருந்து, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசி நீர் வடிந்தால் உடனே காட்டுங்கள். “எம்புள்ளைக்குப் பெரிய கண்ணு” என்று வீட்டார் பூரித்துக்கொண்டிருக்கும் மாதங்களில் பிறவிக் கிளாக்கோமா நரம்பை அழித்துவிடும்.

ராத்திரி திடீர்னு தலைவலி, வாந்தி, கண் சிவப்பு. காலையில வந்து அளந்தா போதுமா?

காத்திருக்கக் கூடாது. விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் தெரிந்தால் வடிகால் கோணம் திடீரென்று அடைபட்டிருக்கலாம். அழுத்தம் 50, 60 வரை போகும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவது நடக்கிறது. அன்றிரவே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்லயே அளந்துக்க ஏதாவது இருக்கா?

துள்ளல் முறையில் தாமே அளந்துகொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. விடியற்காலை உச்சத்தைப் பிடிக்க அது மிகவும் உதவும். விலை இன்னும் பலருக்கு எட்டாது. 24 மணி நேரமும் அணிந்திருக்கும் உணரி பதித்த கான்டாக்ட் லென்சும் உண்டு, ஆனால் அது கண்ணின் சுற்றளவு மாறும் போக்கைத்தான் காட்டும், மி.மீ. பாதரசத்தில் எண் தராது. விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம், 18க்கும் 28க்கும் உள்ள வேறுபாடு தேர்ந்த விரலுக்கும் பிடிபடாது.

எல்லா மெஷினும் தோராயம்தான்னா, எதுக்கு சார் மூணு மாசத்துக்கு ஒருதடவை அளக்கணும்?

ஒரே கண்ணை இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு அளவு வேறுபடுவது உண்மை. ஆனால் கிளாக்கோமாவில் மருந்தாலும் லேசராலும் அறுவையாலும் நாம் மாற்றக்கூடியது அழுத்தம் ஒன்றுதான். சுவீடனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், அழுத்தம் ஒவ்வொரு அளவு குறைந்தபோதும் நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. ஒற்றை எண் தோராயமாக இருந்தாலும், அதே கண்ணில், அதே வகைக் கருவியில், மணி குறித்து எடுத்த எண்கள் பத்து சேர்ந்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெளிவாகத் தெரிந்துவிடும். பழைய சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதற்காகத்தான்.

அளக்க வர்ற அன்னிக்குச் சொட்டு மருந்தை நிறுத்திட்டு வரணுமா?

மருத்துவர் தனியாகச் சொல்லாதவரை நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதுபோல் நினைத்துக்கொண்டு பலர் நிறுத்திவிட்டு வருகிறார்கள். எண் உயர்ந்து வர, தேவையில்லாமல் இரண்டாவது மருந்து சேர்ந்துவிடுகிறது. வழக்கமான நேரத்தில் போடுங்கள், கடைசியாகப் போட்ட நேரத்தைச் சீட்டின் ஓரத்தில் எழுதுங்கள். நடுவில் சில நாள் போடாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.